விருந்துக்கு வந்த ஊரில் நாய்க்குட்டியைக் காணோமா? தேடும் முறை

விடுமுறைக்கோ கோயில் கொடை விழாவுக்கோ சொந்த ஊருக்கு வந்த இடத்தில் நாய்க்குட்டி காணாமல் போவது, நம் தெருவில் காணாமல் போவதிலிருந்து மிகவும் வேறுபட்டது. பழகிய தெருவில் தவறிய நாய் மோப்பம் பிடித்து வாசலுக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. நேற்று ராத்திரி காரில் வந்து இறங்கிய மூன்று மாதக் குட்டிக்கு ஆச்சி வீட்டு வாசல் எது என்றே தெரியாது. அதனால் தானாகத் திரும்பி வரும் என்று காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த வயதுக் குட்டி புது இடத்தில் வெகுதூரமும் போகாது. பயந்ததும் கண்ணில் பட்ட முதல் இருட்டுக்குள் நுழைந்து, மூச்சுக் காட்டாமல் படுத்துக்கொள்ளும். பெரும்பாலும் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தொலைவில்தான் இருக்கும்.

நடப்பது என்னவோ நேர்மாறாக இருக்கிறது. குட்டியைக் காணோம் என்றதும் வீட்டில் உள்ள பத்துப் பேரும் பத்துத் திசையில் பெயரைக் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டு பைக் கிளம்புகிறது. தெருநாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்கின்றன. வைக்கோல் படப்புக்கு அடியில் கிடக்கும் குட்டி இன்னும் உள்ளே போய்விடுகிறது. ஆகவே முதலில் ஓடுபவர்களை நிறுத்துங்கள். நாய் வளர்க்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்களுக்காக, திருநெல்வேலிப் பக்கத்து ஊர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற மாவட்டங்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

வண்டிகளை நிறுத்துங்கள்

வாசலில் நிற்கும் கார், பைக், ஆட்டோ எதையும் எடுக்க விடாதீர்கள். வெயில் நேரத்தில் குட்டி தேடிப்போகும் முதல் நிழல் காரின் அடிப்பாகம். டார்ச் அடித்து ஒவ்வொரு சக்கரத்தின் பின்புறத்தையும் பாருங்கள். காரின் உள்ளே, சீட்டுக்கு அடியில், திறந்து வைத்திருந்த டிக்கியில் பாருங்கள்.

விசேஷ வீடாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பிப் போன வண்டிகளை நினைவுபடுத்துங்கள்: பந்தல்காரர் லோடு ஆட்டோ, வாடகைப் பாத்திரம் ஏற்றிய வண்டி, தண்ணீர் லாரி, விடைபெற்றுப் போன உறவினர் கார். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இதை உடனே செய்யாவிட்டால் பிறகு அந்த வண்டி வேறு தாலுகாவுக்குப் போயிருக்கும்.

யார் கடைசியாகப் பார்த்தது?

வீட்டாரை ஓரிடத்தில் கூட்டி இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

குட்டியைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனது பெரும்பாலும் ஒரு சின்னப் பிள்ளையாக இருக்கும். சித்தி மகனோ அத்தை மகளோ பக்கத்து வீட்டுக் கூட்டாளிக்குக் காட்ட எடுத்துப் போயிருப்பார்கள். கைநழுவி ஓடியிருக்கும். "எவன்டா கதவைத் திறந்து போட்டது?" என்று பெரியவர்கள் சத்தம் போட்ட மறு நொடியே அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். உங்களுக்கு வேண்டிய ஒரே தகவல் அந்த வாய்க்குள்தான் இருக்கிறது. தனியே அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஒண்ணும் தப்பு பண்ணலடா கண்ணு, எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு மட்டும் காட்டு" என்று கேளுங்கள். வாயால் சொல்லவைப்பதைவிடக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து போவது நல்லது. பிள்ளைகளுக்குத் தெருப் பெயர் தெரியாது, ஆனால் இடம் மறக்காது.

நாய் என்றாலே ஆகாத பெரியவர் ஒருவரும் பெரும்பாலான வீடுகளில் இருப்பார். திண்ணையில் ஏறிய குட்டியை அவர் கம்பைத் தட்டி விரட்டியிருக்கலாம். அதை அவர் மறைக்க நினைத்திருக்க மாட்டார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். "மாமா, குட்டி இங்க வந்துச்சா? எந்தப் பக்கம் போச்சு?" என்று மரியாதையாகக் கேட்டால் நேரமும் திசையும் சேர்ந்தே கிடைத்துவிடும். பழியும் சண்டையும் குட்டி கிடைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். கிடைத்துவிட்டால் பெரும்பாலும் தேவைப்படாது.

வீட்டையும் வளவையும் சல்லடை போடுங்கள்

மூன்று மாதக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்கும். ஒளிந்த இடத்திலேயே தூங்கிப்போனால் நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் வராது. "கூப்பிட்டுப் பாத்தாச்சு, இங்க இல்ல" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கையை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்த இடத்தை மட்டும் பார்த்த கணக்கில் வையுங்கள்.

கட்டிலுக்கு அடி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, நெல் மூட்டைகளுக்கு இடைவெளி, மாடிப்படிக்குக் கீழே, வாஷிங் மெஷினுக்குப் பின்னால், மோட்டார் அறை, குளியலறையின் வெளிக்கதவு. வெளியே வந்தால் விறகு அடுக்கு, தென்னை ஓலைக் குவியல், கோழிக்கூடு, மாட்டுத்தொழுவில் தீவனத் தொட்டியின் மறைவு, வைக்கோல் படப்பின் அடிப்பகுதி. படப்பில் கோழியோ நாயோ பறித்த பொந்து இருக்கும். அதற்குள் குட்டி புகுந்தால் வெளியே வாலின் நுனிகூடத் தெரியாது. தெருச் சாக்கடை மேல் பலகைக்கல் போட்டிருந்தால் இரண்டு முனையிலிருந்தும் குனிந்து பார்க்க வேண்டும்.

தண்ணீர் உள்ள இடங்களுக்கு ஒரு பெரியவரைத் தனியாக, உடனே அனுப்புங்கள். மூடாத தரைத்தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமென்ட் தொட்டி, கைப்பிடிச் சுவர் இல்லாத தோட்டக் கிணறு ஆகிய மூன்றும் வரிசையில் முதலில் வர வேண்டும். குட்டிக்கு நீந்தத் தெரியும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும், ஏறுவதற்குப் பிடியும் இருக்காது. கிணற்றில் கிடப்பதைக் கண்டால் யாரும் குதிக்க வேண்டாம். பாழடைந்த கிணற்றில் மூச்சுத் திணறி ஆட்களே இறந்ததுண்டு. கயிறு கட்டிய ஓலைக்கூடையையோ அகலப் பலகையையோ இறக்கிக் குட்டிக்குப் பக்கத்தில் மிதக்க விடுங்கள். அது தொற்றிக்கொண்டால் மெதுவாகத் தூக்குங்கள். முடியாவிட்டால் தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112-ல் அழையுங்கள். கிணற்றில் விழுந்த மாடு, ஆடு, நாய்களை மீட்பது அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை, தயங்க வேண்டியதில்லை.

சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்

வீட்டுக்கு வந்து சில நாளே ஆன குட்டிக்குத் தன் பெயர் சரியாகத் தெரிந்திருக்காது. அதற்குத் தெரிந்தவை வேறு சத்தங்கள்: பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் ஒலி, சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைக்கும் ஒலி, உங்கள் வண்டிச் சாவியின் கிணுகிணுப்பு. பெயரைக் கத்துவதை நிறுத்திவிட்டு அவற்றைச் செய்யுங்கள். அதுவும் குட்டியோடு அதிகம் பழகிய ஒருவர் மட்டும். மற்றவர்கள் அவரோடு நடக்க வேண்டாம்.

நடுநடுவே ஐந்து நிமிடம் அசையாமல் நின்று காது கொடுங்கள். முனகல் மிக மெல்லியதாக இருக்கும். கொடை நடக்கும் ஊரில் குழாய் ரேடியோவும் நையாண்டி மேளமும் வேட்டும் ஓயாது. விழாக் கமிட்டியில் கேட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் மைக்கை நிறுத்தித் தருவார்கள், கூடவே மைக்கில் அறிவிப்பும் சொல்வார்கள். பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும்கூடக் கேட்டுப் பார்க்கலாம். அறிவிப்பில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்: "பார்த்தவங்க பிடிக்க வேண்டாம், விரட்ட வேண்டாம், இந்த நம்பருக்கு ஒரு போன் மட்டும் போடுங்க."

பகலில் கிடைக்காத குட்டி இரவு பதினொன்றுக்கு மேலோ விடியற்காலை நான்கு மணிக்கோ கிடைப்பதுண்டு. ஊர் அடங்கியதும் பசி பயத்தை வெல்லும், குட்டி ஊர்ந்து வெளியே வரும். அந்த நேரத்தில் டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துப் புதர்களை நோக்கி அடித்தால் கண்கள் மினுங்கும். இதனால் முதல் நாள் பகலிலேயே எல்லாரும் ஓய்ந்துவிடக் கூடாது. இரவுக்கு இரண்டு பேரைத் தூங்கவைத்து எழுப்புங்கள். ராத்திரி போகிறவர்கள் கம்பும் செருப்பும் இல்லாமல் புதருக்குள் கால் வைக்க வேண்டாம், பாம்பு இருக்கும். மலையடிவார ஊர்களில் சிறுத்தை நாயைத் தேடி ஊருக்குள் வரும். பாபநாசம், கடையம் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே இரவில் தனியாகத் தேடவே கூடாது.

குட்டி படுத்த துணியையும், நீங்கள் போட்டிருந்த துவைக்காத சட்டையையும் கடைசியாக அதைப் பார்த்த இடத்திலும் வீட்டு வாசலிலும் விரித்து வையுங்கள். சாப்பாட்டையும் வைக்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். ஆள் காவல் இல்லாமல் சோறு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தெரு நாய்கள் சோற்றைச் சுற்றி நின்றால், வர நினைத்த குட்டியும் வராது.

ஊரைக் கேளுங்கள்

வீட்டிலும் வளவிலும் இல்லை என்று உறுதியான பிறகே தெருவுக்கு வர வேண்டும். தெருவுக்கு வந்தால் கண்ணைவிட வாய்தான் பயன்படும். வெளியூர்க்காரராகிய உங்களைவிட உள்ளூர் அத்தையோ மதினியோ கூட வந்தால் கதவுகள் சீக்கிரம் திறக்கும்.

யாரைக் கேட்பது? வெள்ளென எழுந்து நடமாடுபவர்களை: பால்காரர், பேப்பர் போடுபவர், தூய்மைப் பணியாளர், டீக்கடைக்காரர், ஆடு பத்துகிறவர், முதல் பஸ் டிரைவர், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். அவர்களிடம் "பார்த்தீங்களா" என்பதோடு நிறுத்தாதீர்கள், "சத்தம் கேட்டுச்சா" என்றும் கேளுங்கள். "பாக்கலியே தாயி, விடியக்கால கருவேலம்புதர்ப் பக்கம் நாய்ங்க ஒரே கொலப்பு" என்று ஒரு ஆச்சி சொன்னால், நீங்கள் தேட வேண்டிய இடத்தை அவர் சொல்லிவிட்டார். தெருநாய்களுக்கு எல்லை உண்டு. எல்லைக்குள் வந்த புதுக் குட்டியைக் கண்டு அவை குரைக்கும், துரத்தும். எந்தத் தெருவில் எப்போது குரைப்பு அதிகமாக இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் குட்டி போன தடம் ஓரளவு பிடிபடும்.

பந்தி நடந்த இடத்தில் எச்சில் இலை கொட்டும் மூலையையும் பாருங்கள். வாசனைக்குக் குட்டி அங்கே போயிருக்கும், அங்கே கூடிய பெரிய நாய்களிடம் மாட்டியும் இருக்கலாம்.

கழுத்துப்பட்டை இல்லாத குட்டியை யாரோ ஒரு பிள்ளை பாவப்பட்டு வீட்டுக்குத் தூக்கிப் போயிருப்பதும் அடிக்கடி நடக்கும். லேப், பக், ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற இனக் குட்டி என்றால் ஆசைப்பட்டுக் கட்டிவைத்திருப்பார்கள். அப்படித் தகவல் வந்தால் கூட்டமாகப் போய் நிற்காதீர்கள். ஒருவரும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவருமாகப் போங்கள். "எங்க குட்டியப் பத்திரமா வச்சிருக்கீங்களாம், ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று தொடங்கினால் அவர்கள் கொடுக்க வழி இருக்கும். "திருடிட்டு வந்தியா" என்று தொடங்கினால் குட்டி அன்றிரவே வேறு ஊருக்குப் போய்விடும்.

கண்ணில் பட்டதும் ஓடாதீர்கள்

பயத்தில் இருக்கும் குட்டிக்குத் தன்னை வளர்த்தவரே அடையாளம் தெரியாது. நீங்கள் ஓடினால் அது இன்னும் வேகமாக ஓடும், சாலையைப் பார்க்காது. இருந்த இடத்திலேயே தரையில் உட்காருங்கள். முகத்துக்கு நேரே பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, வீட்டில் பேசும் அதே குரலில் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். பிஸ்கட்டையோ வேகவைத்த கோழியையோ சின்னச் சின்னத் துண்டாக அதன் பக்கமும் உங்கள் பக்கமுமாகப் போடுங்கள். கூட வந்தவர்கள் ரோட்டுப் பக்கம் நின்று வண்டிகளை நிறுத்தட்டும். வளைத்துப் பிடிக்க முயல வேண்டாம். அரை மணி ஆனாலும் பொறுத்திருங்கள். கைக்கு எட்டியதும் துணியோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். பயந்த குட்டி கடிக்கும், உங்களையும்.

படமும் நோட்டீசும்

அன்று மாலைக்குள் நோட்டீஸ் தயாராகிவிட வேண்டும். முழு உடல் தெரியும் ஒரு படம், நிறம், வயது, காணாமல் போன தெருவும் தேதியும், இரண்டு போன் நம்பர் போதும். ஒரு நம்பர் கட்டாயம் உள்ளூர்க்காரருடையதாக இருக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கடை, பால் சொசைட்டி, பஸ் ஸ்டாப், மருந்துக்கடை, டீக்கடைகளில் ஒட்டுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போடும்போது தேதியில்லாமல் போடாதீர்கள். அடுத்த மாதமும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருக்கும் மச்சம், ஒரு காலில் மட்டும் வெள்ளை நகம், இப்படி ஏதாவது. "உங்க குட்டி எங்கிட்ட இருக்கு, முதல்ல ஜிபேல ஆயிரம் அனுப்புங்க" என்று அழைப்பு வரும். வீடியோ காலில் குட்டியைக் காட்டச் சொல்லுங்கள், அந்த அடையாளத்தைக் கேளுங்கள். காட்டாதவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். சன்மானம் உண்டு என்று எழுதலாம். தொகையை எழுதாமல் இருப்பது நல்லது. தொகை பெரிதாக இருந்தால் ஊர்ப் பையன்கள் கூட்டமாகக் குட்டியைத் துரத்தத் தொடங்குவார்கள்.

அருகில் உள்ள கால்நடை மருந்தகத்திலும் நகராட்சி சுகாதாரப் பிரிவிலும் படத்தைக் கொடுங்கள். கருத்தடைக்காகத் தெருநாய்களைப் பிடிக்கும் வண்டி அன்று வந்ததா என்று கேளுங்கள். விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாடு விதிகள், 2023-ன்படி பிடித்த நாயைப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். ஆனாலும் அதற்குள் நீங்களே போய்ப் பார்த்துவிடுவது மேல். சென்னைக்கு விருந்துக்கு வந்தவர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணை அழைக்கலாம், கிண்டியில் உள்ள ப்ளூ கிராஸிலும் விசாரிக்கலாம். யாரோ தூக்கிப்போனதைப் பார்த்த சாட்சி இருந்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

லீவு முடிந்து கிளம்ப வேண்டுமே

விருந்தாளிகளுக்கே உரிய கஷ்டம் இது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம், ஆபீஸ். குட்டியோ இன்னும் கிடைக்கவில்லை. முடிந்தால் ஒருவராவது தங்குங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஊரிலுள்ள ஒரே ஒருவரிடம் பொறுப்பை வெளிப்படையாக ஒப்படையுங்கள். "எல்லாரும் பாத்துக்கோங்க" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். அவரிடம் குட்டியின் படுக்கைத் துணி, தட்டு, வழக்கமான தீவனம், கழுத்துப்பட்டை, சங்கிலி, தடுப்பூசிப் புத்தகத்தின் நகல், மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம் பணம் ஆகியவற்றை விட்டுச் செல்லுங்கள். தினமும் ஒரு நேரம் குறித்து நீங்களே போன் செய்யுங்கள். குட்டி கிடைத்தால் உடனே பஸ்ஸில் அனுப்பச் சொல்லாதீர்கள், நீங்கள் வரும்வரை ஒரு அறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கிடைத்துவிட்டதா?

கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். வயிறு முட்டச் சோறு வேண்டாம். மிகச் சின்ன இனக் குட்டிகள் பல மணி நேரம் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். ஈறில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தடவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வெயிலில் கிடந்து மூச்சிரைத்தால் சாதாரணத் தண்ணீரில் பாதங்களையும் வயிற்றையும் நனையுங்கள், ஐஸ் வேண்டாம். முகமோ காலோ வீங்கியிருந்தால் பாம்பாகவோ குளவியாகவோ இருக்கலாம், காத்திருக்காதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. திருநெல்வேலிக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

உடல் முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். நாய்க்கடிக் காயம் முடிக்குள் மறைந்து சின்னத் துளையாகத்தான் தெரியும். ரேபீஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது, ஆகவே இந்தக் குட்டிக்குப் பாதுகாப்பே இல்லாமல் இருக்கலாம். கையுறை போட்டு, காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேடப் போனவர்களையும் விசாரியுங்கள். குட்டியோ தெருநாயோ யாரையாவது கடித்திருந்தால், நகத்தால் பிறாண்டியிருந்தாலும், அதே 15 நிமிடக் கழுவல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். காயத்தில் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பவிடாதீர்கள், பாட்டி சொன்னாலும் சரி. ரேபீஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைக்கவைக்க மருந்து இல்லை. போட வேண்டிய தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் குட்டியின் மலத்தைக் கவனியுங்கள். வாந்தியும் ரத்தம் கலந்த கழிச்சலும் கண்டால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த நோயில் ஒரு நாள் தாமதம் பெரிய தாமதம்.

குட்டி கிடைத்த செய்தியை, நீங்கள் விசாரித்த எல்லாருக்கும் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் போடுங்கள், ஒட்டிய நோட்டீசைக் கிழித்துவிடுங்கள். சன்மானம் சொல்லியிருந்தால் கையோடு கொடுங்கள். கண்டுபிடித்தது சிறு பிள்ளை என்றால் பெற்றோர் முன்னிலையில் கொடுங்கள்.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு

கழுத்துப்பட்டையில் உங்கள் நம்பரோடு, போகும் ஊரில் இருப்பவரின் நம்பரையும் எழுதுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் குட்டி தலையை உருவிக்கொள்ளும். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போட்டிருந்தால் நல்லது. சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் சிப் குட்டி இருக்கும் இடத்தைக் காட்டாது. யாராவது ஸ்கேன் செய்தால் அதிலுள்ள 15 இலக்க எண் மட்டும் தெரியும், அதை வைத்து உங்களைக் கண்டுபிடிக்கலாம்.

ஊர் சேர்ந்ததும் சங்கிலியோடு வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் மெதுவாக நடத்திக் காட்டுங்கள். வாசலில் சிறுநீர் கழிக்க விடுங்கள், யார் திட்டினாலும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்கள் குட்டியைக் கூட்டிப் போகவே வேண்டாம். ஆற்றங்கரையும் காடுமான அந்த இடத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. வேட்டுப் போடும் இரவில் உள்ளறையில் கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஒருவர் கூடவே இருக்க வேண்டும். குட்டிக்குத் தடுப்பூசி வரிசை முடிய 16 வார வயது வரை ஆகும். அதற்குள் வரும் விழா என்றால், நம்பிக்கையான ஒருவரிடம் குட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.